வடிவாம்பிகையின் இசைவு

வாருங்கள், அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இந்தப் பலகையில் அமரலாம். கடையநல்லூரிலிருந்து முதல் பேருந்திலேயே புறப்பட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. மகளுக்குத் திருமணம், அதைத் தமிழ் முறையில், பதிகம் ஓதி, அடியேன் நடத்திவைக்க வேண்டும். அவ்வளவுதானே? மகிழ்ச்சி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதங்களில் இப்படியொரு வேண்டுகோளோடு இந்தப் படி ஏறி வந்த முதல் மனிதர் தாங்கள்தாம்.

ஏன் என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. இல்லையென்றால், திரும்பிப் போகும் வழியில் அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் எவராவது தங்களை நிறுத்தி, "அம்பலவாணரையா பாத்துட்டு வாறீரு? அவரைக் கூப்பிட்டா மண்டபத்துக்கு ஒரு தடவை, கோர்ட்டுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு செலவுல்லா" என்று சிரிப்பார்கள். அதை அவர்கள் வாயால் அறிவதைவிட, நடந்ததை நடந்தபடி என் வாயால் அறிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

அடியேன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுத்தர் வேலை பார்த்தவன். அது வயிற்றுக்கு. உயிருக்கு என்றால் பாடல்கள்தாம். முந்நூறு பதிகம் ஏடு பார்க்காமல் ஓதுவேன். எந்தப் பண்ணில் எந்த அடியில் மூச்சு எடுக்க வேண்டும் என்பது என் நெஞ்சுக்குத் தெரியும். அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு இருநூற்றுப் பதினேழு திருமணங்கள் நடத்தினேன். எண்ணிக்கையைச் செருக்கினால் சொல்லவில்லை. எல்லாம் அவன் செயல்.

மற்றவர்கள் நடத்துவதற்கும் அடியேன் நடத்துவதற்கும் வேறுபாடு இரண்டு. முதலாவது, திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே பெண் வீட்டுக்குப் போவேன். பெண்ணை எதிரில் அமர்த்தி மூன்று பதிகங்கள் பாடுவேன். எந்தப் பாட்டுக்கு அவள் கண் கசிகிறதோ, அதுவே மணமேடையில் ஓதும் பாட்டு. எல்லாருக்கும் ஒரே பாட்டு என்பது ஒரே அளவில் சட்டை தைத்து ஊருக்கெல்லாம் மாட்டிவிடுவதைப் போன்றது. அது வழிபாடாகாது.

இரண்டாவது, இசைவு கேட்டல். மங்கலநாண் பூட்டுவதற்கு முன், மணமகனிடம் ஒருமுறை, மணமகளிடம் மும்முறை, அவையோர் அறிய, "இந்த மணத்துக்கு இசைகின்றாயா?" என்று கேட்பேன். இளமையில் அடியேன் பார்த்த திருமணங்களில் பெண் குனிந்த தலை நிமிராமல் ஒரு மூட்டையைப் போல் அமர்ந்திருப்பாள். இறைவனே உயிர்களின் இசைவு பார்த்துத்தான் ஆட்கொள்கிறான். மனிதர் மட்டும் கேளாமல் கொள்வதா என்று நெஞ்சு பொறுக்காமல் நானாக ஏற்படுத்திய முறை அது. பெண்கள் அதை மிகவும் விரும்பினார்கள். வீரவநல்லூரில் ஒரு பெண், "சம்மதம் ஐயா, கொஞ்சம் வெரசா முடிங்க, காலையிலருந்து ஒண்ணுமே குடுக்கல" என்றாள். மண்டபமே சிரித்தது. கல்லிடைக்குறிச்சியில் பெண்ணைக் கேட்ட கேள்விக்கு மாப்பிள்ளை முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டான். "தம்பி, இன்றைக்கு ஒருநாளாவது அவள் பேசட்டும், நாளை முதல் உன் பாடு" என்றேன். அப்படியெல்லாம் நடந்த திருமணங்கள்.

அது நிற்க. வடிவாம்பிகை என்ற பெண்ணைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்.

அவள் தந்தை சங்கரலிங்கம், பாத்திரக்கடை வைத்திருப்பவர், சைவப் பற்று உள்ளவர். மூன்றாண்டுக்கு முன் ஆடி மாதத்தில் வந்தார். ஆவணியில் திருமணம், வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்கு மேல் பத்தேகாலுக்குள். மாப்பிள்ளை குற்றாலநாதன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். நல்ல இடம். பெண் கணிதத்தில் முதுகலை முடித்தவள். மேற்கொண்டு ஆய்வு செய்யச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது, போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். அடியேனும் ஆமென்றேன். கணிதத்துக்கு எல்லை உண்டு. அதற்கு அப்பால் இருப்பதை அல்லவா நாம் பாடுகிறோம்.

சொன்ன நாளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண் வந்து எதிரில் அமர்ந்தாள். முதல் பதிகம், இறைவன் புகழ். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது, அம்மையப்பர் திருமணம். தரைச் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கணிதம் படித்தவள் அல்லவா. மூன்றாவது, உயிரைப் பெண்ணாக வைத்துப் பாடிய பாடல். தன் உள்ளம் ஓரிடத்தில் இருக்க, அதை அறியாத தாயார் தன்னை வேறோர் இடத்தில் சேர்க்க முனைகிறார்களே என்று ஒரு பெண் கதறும் பாடல். இரண்டாம் அடியிலேயே அவள் கண்ணில் நீர் பெருகிவிட்டது. கசிவதல்ல, பெருகுவது. முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவை பாடுவீங்களா ஐயா" என்றாள். பாடினேன். "இன்னொரு தடவை" என்றாள். மூன்றாம் முறையும் பாடினேன். இருநூறு வீடுகளில் பாடியிருக்கிறேன், இப்படிப் பழுத்த உள்ளத்தை நான் கண்டதில்லை. எத்தனை பிறவியில் செய்த தவமோ என்று எனக்கே மெய் சிலிர்த்தது.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பொண்ணு இவ்வளவு சொல்லுதாளே, அவ வீட்டுல யாராவது காது குடுத்தாங்களா ஐயா?"

எப்படிப்பட்ட கேள்வி. அவள் பெண் அல்லள், உயிர். தாயார் என்பது உலகப் பற்று. சேர்க்க நினைக்கும் வேறிடம் என்பது வினைப்பயன் என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முடித்ததும் மெதுவாக, "மேடையில மூணு தடவை கேப்பீங்கன்னு அப்பா சொன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்லலேன்னா?" என்றாள்.

முறையை நுணுகி அறியும் ஆர்வம் என்று எனக்கு மகிழ்ச்சி. சொன்னேன்: "நீ இசையாமல் நாண் உன் கழுத்துக்கு வராது அம்மா. மேளத்துக்குக் கை காட்டுவது நான். நான் கை காட்டாமல் மேளம் முழங்காது. மேளம் முழங்காமல் நாண் ஏறாது. இது என் சத்தியம்."

அப்போது சிரித்தாள். உள்ளே போய் முகம் கழுவிவிட்டுத் தானே காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தாய் செண்பகவல்லி அம்மையார் வாசல் வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு மாசமா சாப்பிடாம, யாருகிட்டயும் பேசாம கெடந்த பிள்ள ஐயா. நீங்க வந்து பாடுனதும் சிரிச்சிட்டா" என்று கண் கலங்கினார். அன்றிலிருந்து வீட்டில் வாக்குவாதம் இல்லையாம். சொன்ன புடவைக்குத் தலையாட்டினாளாம், சொன்ன நகையைப் போட்டுப் பார்த்தாளாம். ஒரு பதிகத்துக்கு உள்ள ஆற்றலைப் பாருங்கள்.

திருமண நாள் வந்தது. எப்போதும் என் மனைவி ஆவுடையம்மாள் என்னோடு மேடைக்கு வருவாள். மஞ்சளரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு மணப்பெண்ணின் இடப்பக்கம் நிற்பாள். அன்றும் நின்றாள். அந்த மூன்றாம் பாடலையே மேடையில் ஓதினேன். பெண் அழுதாள். அவளைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், "கல்யாண வீட்டுல எல்லாத்தையும் அழ வச்சிட்டாரே மனுசன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. பொருள் அறியாமல் அழக்கூடாது என்பதற்காகச் சற்று விளக்கமும் சொன்னேன். சற்று நீண்டுவிட்டது. மணி பத்தைத் தாண்டி ஒன்பது நிமிடம்.

மணமகனைக் கேட்டேன். "சம்மதம்" என்றான், உரத்த குரலில். மணமகளைக் கேட்டேன். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்தில் மின்விசிறி சுற்றும் ஓசை தவிர வேறு ஓசை இல்லை. அவ்வளவு அமைதி. என் பின்னால் சங்கரலிங்கம், "ஐயா, மணி" என்றார். மூன்றாம் முறை கேட்டேன். அவள் உதடு அசைந்தது. "சொல்லிட்டா ஐயா, சொல்லிட்டா" என்றார் சங்கரலிங்கம். அடியேன் கையை உயர்த்தினேன். கெட்டிமேளம் முழங்கியது.

நாணம் என்பது பெண்மையின் அணி அல்லவா. பாடலில் வரும் தலைவியர் எவராவது தம் இசைவை முரசறைந்து சொல்லியிருக்கிறார்களா?

வீடு திரும்பும்போது வேனில் ஆவுடையம்மாள், "அந்தப் பிள்ள சொன்னது எனக்கு விழுந்துச்சு" என்றாள். மேளச் சத்தத்தில் உனக்கு எப்படி விழும் என்றேன். "மேளம் அதுக்குப் பொறவுதான அடிச்சாங்க" என்றாள். நான் களைத்திருந்தேன், மேற்கொண்டு பேச்சு வளர்க்கவில்லை. அவளும் வளர்க்கவில்லை. அதன் பிறகு அவள் மேடைக்கு வருவதில்லை. முழங்கால் வலி. என்னிடம் பேசுவதும் குறைந்துவிட்டது, வயதானால் அப்படித்தான்.

ஏழு மாதம் கழித்து, ஒரு பங்குனிக் காலையில், அந்தப் பெண் இங்கே வந்தாள். தாங்கள் அமர்ந்திருக்கும் இதே பலகையில் அமர்ந்தாள். ஓசூரிலிருந்து தனியாக வந்திருந்தாள். இளைத்திருந்தாள். தன் சம்மதம் இல்லாமல் நடந்த திருமணம், அதைச் செல்லாது என்று ஆக்க வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை கொடுமை செய்தாரா என்று கேட்டேன். "கொடுமையெல்லாம் இல்ல ஐயா. நல்ல மனுசன்தான். எனக்கு வேண்டாம்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு நேரா நின்னவங்க நீங்க ஒருத்தர்தான். மூணாவது தடவை நான் என்ன சொன்னேன்னு மட்டும் அங்க வந்து சொல்லுங்க. கூட்டியும் சொல்ல வேண்டாம், கொறச்சும் சொல்ல வேண்டாம்."

இறைவன் உணர்த்தியபடி சொல்கிறேன் அம்மா என்று திருநீறு பூசி அனுப்பினேன். மறுவாரம் சங்கரலிங்கம் வந்தார். இதே இடத்தில் அமர்ந்து, அவ்வளவு பெரிய மனிதர், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து ஒரு சொல் சொன்னார். "ஐயா, உங்க முறையில நடந்த கல்யாணம் செல்லாதுன்னு எழுதிட்டாங்கன்னா, நீங்க நடத்துன இருநூறு கல்யாணமும்லா ஊரு சிரிச்சுப் போயிரும்."

சிந்தித்துப் பாருங்கள். இருநூற்றுப் பதினேழு குடும்பங்கள். குழந்தை குட்டிகளோடு வாழ்கிறவர்கள். இதைவிட, பாடல்கள். தமிழில் ஓதினால் மணமாகாது என்று சொல்லக் காத்திருக்கும் வாய்களுக்கு நானே அவல் கொடுப்பதா? ஒரு பெண்ணின் ஒரு சொல் பெரிதா, ஓதிய பாடல்களின் மானம் பெரிதா? பல நாள் சன்னதியில் நின்று கேட்டேன். இறைவன் மறுமொழி சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது நம் முன்னோர் வாக்கு.

நீதிமன்றத்தில் அடியேன் கூண்டில் ஏறிய நாள் மழை. நீதிபதி ஒரு பெண்மணி, என் மகள் வயது இருக்கும், மரியாதையாகவே பேசினார். மூன்றாம் முறை பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். தலைவியின் நாணம் பற்றி, உயிர் இறைவனிடம் இசையும் முறை பற்றிச் சிறிது எடுத்துரைத்தேன். அவர் குறுக்கிட்டு, "ஐயா, அது இருக்கட்டும். உங்க காதுல விழுந்த சொல் என்ன?" என்றார். உதடு அசைந்தது, மேளம் முழங்கியதால் சொல் விழவில்லை, இசைவென்று கொண்டேன் என்றேன். பெண்ணின் வழக்கறிஞர் எழுந்து, மேளத்துக்குக் கை காட்டியது யார் என்று கேட்டார். அடியேன் என்றேன். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்களே. பரவாயில்லை. இன்னும் சிறிதுதான் இருக்கிறது.

வெளியே தாழ்வாரத்தில் மழை விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் அருகில் வந்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் உயரவே இல்லை.

"நீங்க கேப்பேன்னு சொல்லாம இருந்திருந்தா, நான் அப்பவே வீட்டுல கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன் ஐயா. நீங்க கேப்பீங்கன்னுதான் பேசாம வந்து மேடையில உக்காந்தேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பெரியவர்களைக் கண்டால் கும்பிட வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள். என்மேல் குற்றம் இருந்தால் கும்பிடுவாளா? தாங்களே சொல்லுங்கள்.

இரண்டு மாதத்தில் மனு தள்ளுபடி ஆயிற்று. அதுவரை திருநெல்வேலியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். தந்தையும் மாமனாரும் போய் அழைத்துக்கொண்டுபோய் ஓசூரில் விட்டுவிட்டு வந்தார்கள். நலமாக இருப்பதாகச் சங்கரலிங்கம் சொன்னார். பேசுவது மட்டும் இல்லையாம். சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டதற்குத் தலையசைக்கிறாள், வாய் திறப்பதில்லை. நாளாக ஆகச் சரியாகும் என்றார். அடியேனும் ஆமென்றேன்.

இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன். யாருடைய மானத்தைக் காப்பதற்காகக் கூண்டில் ஏறினேனோ, அவர்களே என்னை ஒதுக்கினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள், "அந்த ஐயா மேடையில கேள்வி கேப்பாரு, நமக்கு எதுக்கு வம்பு" என்றார்கள். பேசி முடித்திருந்த நான்கு திருமணங்கள் கைவிட்டுப் போயின. சங்கரலிங்கமே தன் தம்பி மகளுக்கு வேறொருவரை அழைத்தார். அந்தப் பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். உண்டு வந்தேன்.

அதுகூடப் பெரிதில்லை. பாட்டுக்கு வந்திருக்கும் கேடுதான் பெரிது. மாலையில் சன்னதியில் நின்று ஓதுவது நாற்பதாண்டு வழக்கம். மற்றப் பதிகங்களெல்லாம் வருகின்றன. அந்த ஒரு பாடல் மட்டும் இரண்டாம் அடிக்கு மேல் ஓடுவதில்லை. தொண்டை அடைத்துக்கொள்கிறது. திருநெல்வேலியில் மருத்துவர் வாய்க்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். சளிதான். பனிக்காலம் போனால் போய்விடும் என்று இருந்தேன், பனிக்காலம் போய்விட்டது. அர்ச்சகர் ஒருநாள், "என்ன பிள்ளைவாள், அந்தப் பாட்டை நிறுத்திட்டேளே" என்றார். நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றுவிட்டது என்றேன். இறைவன் தன் பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டான் போலும் என்று ஒரு நாள் ஆவுடையம்மாளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவரு பாட்டுன்னு யாரு சொன்னா" என்றாள். என்ன பொருளில் சொன்னாளோ தெரியவில்லை. அவளுக்கு இலக்கணப் பயிற்சி இல்லை.

ஆகவே ஐயா, தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாதவன் அல்லன் அடியேன். அந்தப் பெண்ணே தாழ்வாரத்தில் சொன்னாள் அல்லவா, கேட்பேன் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று. அவள் சொல்லை மதித்தேன். இசைவு கேட்டலை என் முறையிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். முன்கூட்டிப் பெண்ணைச் சந்திப்பதும் இல்லை. பாடல்களை நானே தேர்ந்துகொள்வேன். எல்லாம் மங்கலமான பாடல்கள், எவரும் அழ மாட்டார்கள். விளக்கவுரை இல்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒன்பதே முக்காலுக்குள் பந்திக்கு இலை போட்டுவிடலாம். பெண்ணின் பெயரும் நாளும் கொடுத்தால் போதும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

என்ன சொல்கிறீர்கள்? அந்தக் கேள்விக்காகவா? தங்கள் மகளே சொல்லி அனுப்பினாளா? தோழியின் திருமணத்தில் பார்த்தாளா. வீரவநல்லூர்ப் பெண்ணா, பசிக்கிறது என்றாளே, அவளா? தன்னையும் அப்படி எல்லார் முன்னும் கேட்க வேண்டும், கேட்கிறவர் வந்தால்தான் மேடையில் அமர்வேன் என்றாளா? அதற்குத்தான் அந்த ஐயாவையே தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள் என்று தங்களை இவ்வளவு தூரம் அனுப்பினாளா?

இல்லை ஐயா. அது ஒன்றைத் தவிர எது வேண்டுமானாலும் செய்கிறேன். வேண்டுமானால் நான் வரவில்லை, வேறு எவரையாவது பாருங்கள். அந்தக் கேள்வியை மட்டும் என்னைக் கேட்கச் சொல்லாதீர்கள். தங்களுக்குத் தெரியாது. கேட்டால், அவர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள்.